தப்பான ஞாயிற்றுக்கிழமை: நரேன் கார்த்திகேயனின் கதை

நெல்லித்தோப்பிலிருந்து இன்னொரு எபிசோட். போன வாரம் இங்க டீ குடிச்சிட்டு இருந்தப்ப, அடுத்து நரேன் கார்த்திகேயன் பத்திப் பேசப்போறேன்னு நண்பன்கிட்ட சொன்னேன். "யாரு, ஆறே ஆறு கார் ஓடின ரேஸ்ல நாலாவது வந்தாரே, அவரா?"ன்னு சிரிச்சான். நானும் சேர்ந்து சிரிச்சிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ரேஸ் ஓட்டின ஒருத்தரை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை வச்சு ஞாபகம் வச்சிருக்கோம். அதுவும் தப்பான ஞாயிற்றுக்கிழமை.

முதல்ல அந்த நாளைப் பார்த்துடலாம். 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ். மிஷலின் டயர்கள் அந்த டிராக்கைத் தாங்காதுன்னு தெரிஞ்சு, அந்த டயர் போட்ட அத்தனை அணிகளும் ரேஸ் தொடங்கும் முன்னாடியே காரை உள்ளே கொண்டுபோய்ட்டாங்க. மிச்சம் இருந்தது பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார். நரேன் நாலாவதா வந்து 5 புள்ளி எடுத்தார். ஃபார்முலா 1ல் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள். மூணாவது வந்தது அதே ஜோர்டன் அணியில் இருந்த போர்ச்சுகல்காரர் டியாகோ மொன்டேரோ. அவர் பெயரை மனசுல வச்சுக்கோங்க.

சரி, நரேன் எங்கிருந்து வந்தார்? கோயம்புத்தூர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை ஜெயிச்சவர். அதே ஊர்ல கரிவரதன்னு ஒருத்தர், மாருதி 800 எஞ்சினை வச்சு மலிவா ரேஸ் கார் செஞ்சு 'ஃபார்முலா மாருதி'ன்னு ஓட்ட வச்சார். அவர் 1995ல் விமான விபத்துல இறந்துட்டார். இன்னைக்குக் கோவையில் இருக்கிற கரி ஸ்பீட்வே அவர் பெயர்தான். நரேனோட முதல் ரேஸ் அந்த மாருதி காரில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை டிராக்கில். நம்ம ஊர்ல இருந்து மூணு மணி நேரம்தான். அப்புறம் பிரான்ஸ்ல பயிற்சி, 1996ல் ஃபார்முலா ஆசியா பட்டம், 1999ல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3ல் வெற்றிகள். 28 வயசுல, 2005ல்தான் ஃபார்முலா 1 சீட் கிடைச்சது.

அந்த வருஷத்துல அவரோட நிஜத் திறமை தெரிஞ்சது ஜப்பானில், சுஸுகா டிராக்கில். மழையில் நடந்த தகுதிச் சுற்றில் 11வது இடம். அலோன்சோ, ரைக்கோனன், ஷூமாக்கர் எல்லாம் அவருக்குப் பின்னாடி. மழை கடைசியா ஓட்ட வந்தவங்களைத்தான் அதிகமா அடிச்சுது, அதிர்ஷ்டமும் இருக்கு, மறுக்கல. ஆனா ஈரமான சுஸுகாவில் ஜோர்டன் காரை ஓட்டினது அதிர்ஷ்டம் இல்லை. அதே அணியோட மொன்டேரோ அன்னைக்குக் கடைசி.

அடுத்த வருஷம் ரேஸ் சீட் இல்லை. 2011, 2012ல் எச்.ஆர்.டி. அணியோட திரும்பி வந்தார். அது எவ்வளவு மெதுவான கார்னா, ரெண்டு வருஷமும் மெல்போர்ன்ல ரேஸுக்கே தகுதி பெறலை. 2012 மலேசியாவில் வெட்டல் இவர்மேல உரசி டயர் போய், கேமரா முன்னாடியே திட்டினார். பலருக்கு ரெண்டாவது ஞாபகம் அதுதான்.

இங்க ஒரு நிமிஷம் டென்மார்க் போகணும். கர்ட் தீம்னு ஒரு டிரைவர். 1986ல் ஜெர்மனியோட டூரிங் கார் பட்டத்தை, அதாவது டி.டி.எம். பட்டத்தை, ரோவர் காரில் ஜெயிச்சார். அப்புறம் பல வருஷம் மெர்சிடிஸ். ஃபார்முலா 1 ரேஸ் ஒண்ணுகூட ஓட்டல. அவரை யாரும் தோத்தவர்னு சொல்றதில்லை. மொன்டேரோவும் ஃபார்முலா 1 முடிஞ்சதும் டூரிங் கார் பக்கம் போய், உலக அளவில் நிறைய ரேஸ் ஜெயிச்சார். அங்கெல்லாம் கூரை போட்ட கார் ஓட்டுறது இறக்கம் இல்லை, அது தனித் தொழில். நமக்குத்தான் ஃபார்முலா 1 இல்லைன்னா அந்த ஆளே இல்லை.

நரேன் 2014லேயே ஜப்பான் போய்ட்டார். அஞ்சு வருஷம் சூப்பர் ஃபார்முலா. 2019ல் நகாஜிமா அணிக்காக ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். காரில் சூப்பர் ஜி.டி. தொடர். இதெல்லாம் இங்க செய்தியாகவே வரலைன்னு சொல்லலாம்.

அந்த நவம்பரில் ஒரு வினோதம் நடந்தது. டி.டி.எம். தொடரும் சூப்பர் ஜி.டி.யும் தங்கள் விதிகளை நெருக்கமாக்கி, ஜெர்மன் கார்களை ஃபூஜி மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து ஜப்பான் கார்களோட மோத விட்டாங்க. ஒருபக்கம் ஆடி, பி.எம்.டபிள்யூ. இன்னொருபக்கம் ஹோண்டா, லெக்ஸஸ், நிஸ்ஸான். தொழிற்சாலை அணிகளோட டிரைவர்கள். டயர் தகராறு கிடையாது, யாரும் காரை உள்ளே கொண்டுபோகவும் இல்லை. நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை ரேஸை ஜெயிச்சது 42 வயசு நரேன் கார்த்திகேயன். ரெண்டாவது வந்தது ஆடியில் லோயிக் டுவால், 2013ல் லீமான் 24 மணி நேர ரேஸை ஜெயிச்ச பிரெஞ்சுக்காரர்.

ரேஸோட வீடியோவை நண்பனுக்கு அனுப்பினேன். "இது எப்போ நடந்துச்சுடா?"ன்னு கேட்டிருக்கான்.