புயலும், வாசலுக்குப் புறம்பே நின்றவர்களும்



1761-ஆம் ஆண்டு பிறந்த வேளையில் புதுச்சேரிக் கடலில் பெரும்புயல் எழுந்தது. நகரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களில் சில மூழ்கின. சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையில் தளபதி அயர் கூட்டின் பாளயத்துக் கூடாரங்களும் காற்றில் பறந்தன. வெடிமருந்து நனைந்து கெட்டது.

அந்நாளில் புதுச்சேரியைச் சுற்றிக் கள்ளியும் கற்றாழையும் முள்மரங்களும் அடர்ந்த எல்லைவேலி ஒன்று இருந்தது. அதை ஒட்டியிருந்த ஊர்தான் நம்முடைய உழவர்கரை. 1760 செப்டம்பரிலேயே ஆங்கிலேயர் போரிட்டு இதைக் கைப்பற்றியிருந்தனர். இன்று நாம் காய்கறி வாங்கச் செல்லும் தெருக்களின் மண்ணில் அன்று பீரங்கி வண்டிகள் உருண்டன.

கோட்டைக்குள் பிரெஞ்சுத் தளபதி லாலி பட்டினியோடு போராடிக்கொண்டிருந்தார். புயல் ஓய்ந்ததும் பழவேற்காட்டிலிருந்த தம் அதிகாரி ஒருவருக்குக் கடிதம் எழுதினார்: பகைவரின் கப்பற்படை அழிந்தது, உடனே சலங்குகளில் தானியம் அனுப்பும் என்பது அதன் சாரம். மோசேயின் காலத்தில் செங்கடலில் நடந்தது போலக் கர்த்தரே பகைவரைக் கடலில் கவிழ்த்தார் என்று நகருக்குள் இருந்தவர்கள் எண்ணியிருந்தால் அவர்களைக் குறைகூற நான் துணியமாட்டேன். ஆனால் புயலுக்குத் தப்பிய ஆங்கிலேயக் கப்பல்கள் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்து கடல்வழியை மறித்தன. ஜனவரி 16 அன்று கூட்டின் படை நகருக்குள் நுழைந்தது. பின்னர் கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தள்ளப்பட்டன. இயேசு சபையாரின் ஆலயமும் தப்பவில்லை. இன்று நாம் சம்பா கோயில் என்றழைக்கும் பேராலயம் அதற்குப் பின் எழுந்தது.

இரு படையினரும் ஒரே விசுவாசப்பிரமாணத்தை அறிக்கையிட்டவர்கள். இருவரும் சர்வவல்லவரையே நோக்கி மன்றாடினார்கள். புயல் யாருக்காக வந்தது?

இதற்கு எளிய விடை ஒன்று நம்மிடையே வழங்குகிறது. வெற்றிபெற்ற ஆங்கிலேயர் புதுச்சேரியில் ஓர் அச்சு இயந்திரத்தையும் கைப்பற்றிச் சென்னைக்குக் கொண்டுசென்றனர். அது வேப்பேரியில் ஊழியஞ்செய்த பப்ரிசியுஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே 1772-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடும், 1779-இல் அவருடைய அகராதியும் அச்சேறின. பட்டணம் வீழ்ந்ததே வேதம் அச்சாகத்தான் என்று சொல்லிவிடலாமா? கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. நானும் ஒருமுறை பிரசங்க மேடையில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1760 நவம்பர் இறுதியில், உணவு குறைந்துவிட்டதென்று, லாலி நகரிலிருந்த ஏறக்குறைய 1,400 தமிழ் ஆண்களையும் பெண்களையும் வாசலுக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் காவலைக் கடக்கவிடவில்லை. அவர்கள் திரும்பி ஓடியபோது கோட்டையும் கதவைத் திறக்கவில்லை, துப்பாக்கியால் விரட்டியது. மதிலுக்கும் வேலிக்கும் இடையில், வயலில் கிடைத்த புல்வேரைத் தின்று எட்டு நாள் அலைந்தார்கள். பிறகே கூட் மனமிரங்கி வழிவிட்டார். அச்சு இயந்திரத்தை ஒரு தட்டிலும் இவர்களை மறுதட்டிலும் வைத்துக் கணக்குப் பார்க்கும் தேவனை வேதத்தில் நான் காணவில்லை.

சர்வவல்லமை என்ற சொல்லை நாம் பெரும்பாலும் படைத்தளபதியின் கண்ணோடு பார்க்கிறோம்: நினைத்ததை நினைத்தபடி முடிப்பவன் வல்லவன். லத்தீன் விசுவாசப்பிரமாணத்தில் உள்ள ‘ஒம்னிபோத்தென்ஸ்’ என்ற சொல்லும் அவ்வழியே நம்மை இழுக்கிறது. ஆனால் வெளிப்படுத்தின விசேஷத்தின் கிரேக்கத்தில் நிற்கும் ‘பந்தோக்ராத்தோர்’ என்ற சொல்லுக்கு எல்லாவற்றையும் தம் ஆளுகையில் பிடித்திருப்பவர் என்ற பொருளும் உண்டு. பிடித்திருப்பவர், விட்டுவிடாதவர். இறையியல் கல்லூரியில் இதைக் கற்றபோது தேர்வுக்குரிய குறிப்பாகவே மனனம் செய்தேன். அந்த 1,400 பேரைப் பற்றி வாசித்த பிறகே அது எனக்கு வேண்டிய சொல்லாயிற்று.

எலியாவைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). பர்வதங்களைப் பிளந்த காற்றிலும், பூமியதிர்ச்சியிலும், அக்கினியிலும் அவர் கர்த்தரைக் காணவில்லை; அதன்பின் வந்த மெல்லிய சத்தத்தில்தான் முகத்தை மூடிக்கொண்டார். ஆகவே அந்தப் புத்தாண்டுப் புயலைக் கண்டு, கர்த்தர் இந்தப் படையின் பக்கம், அந்தப் படையின் பக்கம் என்று தீர்ப்பெழுத எனக்குக் கை வரவில்லை. காற்றும் கடலும் அவருக்குக் கீழ்ப்படிகின்றன என்பதை நான் விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று என்னைக் கேட்டால், கடலை நோக்கிக் கைகாட்ட மாட்டேன். எபிரெயர் 13-ஆம் அதிகாரம் இயேசு பாடுபட்ட இடத்தைக் குறிப்பிடுகிறது: நகரத்துக்குள் அல்ல, வாசலுக்குப் புறம்பே. கதவு மூடிய மதிலுக்கும் முள்வேலிக்கும் நடுவில், புல்வேர் தோண்டிய கைகளுக்கு அருகில், உழவர்கரைக்குப் போகும் வழியில்.