விலைப்பட்டியலும் நாதமும்: லெஸ் பால் கிட்டார் வகைகளின் சரித்திரம்

ஒரே பெயரைத் தாங்கிய ஒரு வாத்தியம் பல வகைகளாகப் பிரிந்து, விலையாலும் அலங்காரத்தாலும் ஒன்றுக்கொன்று உயர்வு தாழ்வு கொண்டு விளங்கும்போது, அவற்றுள் எதைத் தேர்ந்துகொள்வது என்ற கேள்வி, வாங்குகிறவனுடைய கைப்பொருளைப் பற்றிய கேள்வியாகவே முதலில் தோன்றும். ஆனால் அந்த உயர்வு தாழ்வுகள் எந்தக் காலத்தில், யாரால், எந்தக் காரணத்தை முன்னிட்டு வகுக்கப்பட்டன என்று ஆராய்ந்து பார்த்தால், வியாபாரிகள் எழுதிய வரிசை ஒன்றாகவும், வித்வான்கள் எழுதிய வரிசை முற்றிலும் வேறாகவும் இருப்பதைக் காணலாம். கிப்ஸன் ஸ்தாபனத்தார் 1952-ல் வெளியிட்ட லெஸ் பால் என்னும் மின்சார கிட்டாரின் சரித்திரம் இதற்கு ஒரு சிறந்த சான்று.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூ நகரில், மாண்டலினையும் கிட்டாரையும் வயலினைப் போல மேல்பலகை குவிந்து நிற்கும்படி செதுக்கிச் செய்த ஆர்வில் கிப்ஸன் என்பவரின் பெயரால் 1902-ல் ஒரு கம்பெனி ஏற்பட்டது. உள்ளே வெறுமையாக இருக்கும் மர உடல் அதிர்ந்து நாதம் தர வேண்டும் என்பதே அந்தக் கம்பெனியின் பரம்பரை வித்தை. 1936-ல் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பைப் பொருத்தியபோதும், அவர்கள் அந்த உடலை மாற்றவில்லை. ஒலிபெருக்கியின் சக்தி கூடக் கூட, அதிலிருந்து வரும் ஓசையே கிட்டாரின் உடலை மீண்டும் அதிரச் செய்து, கச்சேரியின் நடுவே ஊளைச் சத்தத்தைக் கிளப்பியது. விஸ்கான்ஸின் மாநிலத்து வாக்கெஷாவில் 1915-ல் பிறந்த லெஸ் பால் என்ற கிட்டார் வித்வான், இக்குறையைத் தீர்க்கும் பொருட்டு, நான்கு அங்குலச் சதுரமான பைன் மரக்கட்டையின் மேல் தந்திகளையும் பிக்கப்புகளையும் பொருத்தி, பார்வைக்குக் கிட்டாராகத் தோன்றும்படி இரு புறமும் பாதிப் பாதி உடலை ஒட்டி, 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வாத்தியம் செய்தார். அதை எடுத்துக்கொண்டு அவர் கிப்ஸன் ஸ்தாபனத்தாரிடம் சென்றபோது, அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர்களுடைய அபிப்பிராயத்தை மாற்றியது ஒரு போட்டியாளரின் வெற்றிதான். கலிபோர்னியாவில் ரேடியோப் பழுது பார்ப்பதில் தொழிலைத் தொடங்கிய லியோ ஃபெண்டர், பிற்காலத்தில் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கெட்டியுடல் கிட்டாரை 1950-ல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும், கிப்ஸனின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டி, தங்கள் தொழிற்சாலையின் கைத்திறனுக்கு ஏற்ற கெட்டியுடல் கிட்டார் ஒன்றை உருவாக்க முற்பட்டார். மனைவி மேரி ஃபோர்டுடன் சேர்ந்து பதிவுசெய்த பாடல்களால் அப்போது நாடெங்கும் பிரசித்தி பெற்றிருந்த லெஸ் பாலின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மஹாகனி மரத்து உடலின் மேல் குவிந்த மேப்பிள் பலகையை ஒட்டி, அதன்மேல் பொன்வண்ணம் பூசி, கழுத்தைத் திருகாணியால் இணைக்காமல் பசையால் பதித்துச் செய்த அந்த வாத்தியம் 210 டாலருக்கு விற்றது. ஆயினும் முதல் ஆண்டுக் கிட்டார்களில் ஒரு பிழை இருந்தது: கழுத்தின் சாய்வு போதாமையால் தந்திகள், அவற்றை உடலின் மேல் தாங்கும் பாலத்தின் மேலாகச் செல்லாமல் அதன் அடியில் சுற்றிச் சென்றன, ஆகவே வலக்கையின் உள்ளங்கையை அங்கே பதித்துத் தந்திகளை அடக்கி வாசிப்பது இயலாததாயிற்று. பின்னர் 1953-ல் பாலத்தையும் கழுத்தின் சாய்வையும் மாற்றி இதைச் சீர்செய்தார்கள்.

வகைகள் பிரிந்தது இதற்குப் பிறகுதான். செல்வம் படைத்த கச்சேரி வித்வானுக்காக, கருவண்ணமும் பொன்முலாமும் கொண்ட கஸ்டம் என்ற வகையை 1954-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில், புதிதாகப் பயிலும் மாணவனுக்காக, குவிவு இல்லாத தட்டையான மஹாகனிப் பலகையும் ஒரே ஒரு பிக்கப்பும் கொண்ட ஜூனியர் என்ற வகையை 99.50 டாலர் விலையில் கொண்டுவந்தார்கள்; மறு ஆண்டில், ஜூனியரின் உடலோடு இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஸ்பெஷல் என்று பெயரிட்டார்கள். இதில் ஊன்றிக் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் விலையுயர்ந்த அன்றைய கஸ்டம் வகையில் மேப்பிள் பலகையே இருக்கவில்லை. மாணவனுக்கென்று செய்த ஜூனியரைப் போல அதுவும் முழுவதும் மஹாகனியாகவே இருந்தது. விலையை உயர்த்தியவை பெரும்பாலும் அலங்காரமும், ஒவ்வொரு தந்திக்கும் சுருதியைத் தனித்தனியே திருத்திக்கொள்ள வழிசெய்த புதிய பாலமும்தான்.

நாதத்தில் உண்மையான மாறுதல் 1957-ல் வந்தது. அதுவரை பொன்வண்ணக் கிட்டாரிலும் ஜூனியரிலும் ஸ்பெஷலிலும் இருந்த பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப், காரமும் தெளிவும் கொண்ட ஓசையைத் தந்தபோதிலும், சுற்றிலுமுள்ள மின்சாதனங்களின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. கிப்ஸனின் பொறியாளரான ஸெத் லவர், காந்த முனைகளும் மின்னோட்டத் திசையும் எதிரெதிராக அமைந்த இரு சுருள்களை அருகருகே வைத்து, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் தந்தியின் ஒலி மட்டும் கூடிப் பெருகவும் செய்தார். ஹம்பக்கர் என்று பெயர் பெற்றது அதுவே. மறு ஆண்டில் பொன்வண்ணத்தை விடுத்து, மேப்பிளின் ரேகைகள் தெரியும்படி நடுவில் மஞ்சளும் ஓரங்களில் செம்மையுமாகப் பூசிய கிட்டார்கள் வெளிவந்தன. ஸ்டாண்டர்டு என்று இன்று வழங்குபவை அவைதாம். ஆனால் அக்காலத்து இளைஞர்கள் கனம் குறைந்த ஃபெண்டர் கிட்டார்களை நாடினார்கள்; விற்பனை தளர்ந்தது; 1958 முதல் 1960 வரை ஏறத்தாழ 1,500 முதல் 1,700 வரையே செய்தபின், அவ்வகையை நிறுத்திவிட்டு, பின்னர் எஸ்.ஜி. என்று வழங்கிய மெல்லிய உடல் கொண்ட வடிவத்துக்குத் தொழிற்சாலை மாறிவிட்டது.

கம்பெனியார் கைவிட்ட வாத்தியத்தை வித்வான்கள் கைவிடவில்லை. லண்டனில் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் குழுவினரோடு 1966-ல் வெளிவந்த இசைத்தட்டில், அந்தப் பழைய கிட்டாரை மார்ஷல் ஒலிபெருக்கியில் முழுச் சத்தத்தோடு இணைத்து வாசித்தார். ஹம்பக்கரின் வலிமையான மின்னோட்டம் ஒலிபெருக்கியின் வால்வுகளைத் திணறடிக்க, நாதம் தடித்து நீண்டு ஒலித்தது. அமெரிக்காவில் மைக் புளூம்ஃபீல்டும், இங்கிலாந்தில் பீட்டர் கிரீனும் அதே வகையைக் கையாள, ரசிகர்களும் பயில்வோரும் பழைய கிட்டார்களைத் தேடித் திரிந்தார்கள். கம்பெனியாரும் 1968-ல் லெஸ் பால் கிட்டாரை மீண்டும் செய்யத் தொடங்கினார்கள்.

மாணவர்களுக்கென்று ஒதுக்கிய வகைகளும் தமக்குரிய ஸ்தானத்தைப் பெற்றன. மவுண்டன் என்ற குழுவின் லெஸ்லி வெஸ்ட், ஒரே பிக்கப் கொண்ட ஜூனியரைக் கொண்டே பெரிய மேடைகளை ஆண்டார்; ஜமைக்காவின் பாப் மார்லி ஸ்பெஷல் வகையையே தமது வாத்தியமாகக் கொண்டார். இவர்கள் கைக்கு வந்தபின் மாணவர் கிட்டார் என்ற பெயர் அவற்றுக்குப் பொருந்தாமற் போயிற்று. 

ஆகவே, இவ்வகைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள முற்படுகிறவர்கள், உயர்ந்தது எது என்று கேட்பதைக் காட்டிலும், ஒவ்வொரு வேறுபாடும் எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்று கேட்பது நலம். விரலைத் தடையின்றி வழுக்கி ஓட்ட விரும்புகிறவனுக்கு, கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுகளைத் தாழ்வாக அமைத்த பழைய கஸ்டம் பொருந்தும். ஆனால் தந்தியை இழுத்து வளைத்து உருக்கமாக வாசிப்பவனுக்கு அதே மெட்டுகள் இடையூறாகலாம். இரைச்சலின்றித் தடித்த, நீண்ட நாதம் வேண்டுவோர்க்கு ஸ்டாண்டர்டும், கூர்மையும் முரட்டுத்தனமும் கலந்த ஓசையை விரும்புவோர்க்குப் பி-90 பொருந்திய ஜூனியரும் ஸ்பெஷலும் ஏற்றவை. ஸ்டாண்டர்டிலேயே 1958-ன் கழுத்து பருமனாகவும் 1960-ன் கழுத்து மெலிந்தும் இருப்பதால், அவற்றைப் பின்பற்றி இன்று செய்யப்படும் கிட்டார்களில் எது தன் கைக்கு இசைவது என்பதைப் பிடித்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். விலைப்பட்டியலின் உச்சியில் இருப்பதால் ஒன்றை விரும்புவதும், அடியில் இருப்பதால் இன்னொன்றை ஒதுக்குவதும், 1954-ல் ஒரு வியாபார நோக்கத்துக்காக வகுத்த வரிசையைச் சங்கீதத்தின் தீர்ப்பாக எண்ணி ஏமாறுவதேயாகும்.