நள்ளிரவில் பீச்சில் மாணவர்கள் தேடுவது என்ன?

வேலூர், ஆம்பூர் பக்கமிருந்து சென்னைக்குப் படிக்கப் போகிறவரா நீங்கள்? ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நீலாங்கரை – பெசன்ட் நகர் கடற்கரையில் ராத்திரி நேரத்தில் மணலைப் பார்த்தபடியே நடக்கும் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். 1988-ல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் அவர்கள்.

பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி, குழி தோண்டி சுமார் 100 முட்டை இட்டுவிட்டு கடலுக்குத் திரும்பிவிடும். தடம் பார்த்து அந்த முட்டைகளை எடுத்து, பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள்.

ஏன், அங்கேயே விட்டால் என்ன? நாய்கள் தோண்டிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் தெருவிளக்கு. 45 முதல் 60 நாளில் வெளிவரும் குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம்தான் போகும். கடலுக்குப் பதிலா ரோட்டுக்கு வந்துடும்.

முட்டையைப் பார்த்தால் நீங்களா எடுத்துடாதீங்க. அது வனஉயிரின சட்டப்படி குற்றம்.