கித்தாக் காடும் கால் மைல் ஓட்டமும்

1942 ஜனவரி 2. கோல சிலாங்கூர் முகத்துவாரத்தில் கரையேறப் பார்த்த ஜப்பானியரைப் பிரிட்டிஷ் பீரங்கிகள் விரட்டியடித்தன. அந்த வெற்றி நிலைக்கவில்லை. வடக்கிலிருந்து தரைவழியாக அவர்கள் வந்துசேர்ந்தார்கள். 11ஆம் தேதி கோலாலம்பூரும் விழுந்தது. பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களின் கித்தாவுக்குக் கப்பலேற வழியில்லாமல் போயிற்று.

இதன் அடி அமெரிக்காவில் முதலில் விழுந்த இடம் கார் டயர். அங்கே செலவான இயற்கை ரப்பரில் 90 சதவீதத்துக்கும் மேல் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போனது. அதே ஜனவரியில், சர்க்கரைக்கும் பெட்ரோலுக்கும் முன்பாகவே, டயர் பங்கீட்டுக்கு வந்தது. ஜூலை 31உடன் கார் பந்தயங்களுக்குத் தடை விழுந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் நாடு முழுவதும் மணிக்கு 35 மைல்தான் உச்ச வேகம் என்று சட்டம் வந்தது. டயர் தேயக்கூடாது என்பதே அதன் முதல் நோக்கம். கலிபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளைக் கழற்றி மாட்டி ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள், ஒன்று படைக்குப் போனார்கள், அல்லது வண்டிகளை மூடிவைத்தார்கள்.

டிராக் பந்தயம் என்கிற கால் மைல் நேர்கோட்டு ஓட்டமும், அதற்கென்றே பழைய ஆட்டோ கியர்பாக்ஸைப் பிரித்து மறுபடி கட்டும் தொழிலும் இந்தப் போருக்குப் பிறகுதான் உருவாயின. வட சிலாங்கூர்த் தோட்டங்கள் அந்தக் கதையில் வருவது டயர் வழியாக. ஆனால் பால்மரம் வெட்டியவர்களுக்கு வேகம் அப்போது எட்டாத சங்கதி.

பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே 1905இல் மலாயாவுக்கு வந்து, கோல சிலாங்கூர் அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் கித்தாத் தோட்டம் போட்டார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் அவர் நட்ட செம்பனைதான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடி. மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் பெற்றார். துரைமார் வாழ்க்கை அப்படி இருக்க, லயத்துத் தமிழர்களிடம் இருந்த வண்டி சைக்கிள் ஒன்றுதான். அதிலும் துரையோ கிராணியோ எதிரே வந்தால் இறங்கி நின்றாக வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற தோட்ட வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வோடு சேர்த்து, சைக்கிளை விட்டு இறங்கும் இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. அரசு அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கியது. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார். அடுத்த ஆண்டு துரைமாரே ஓடினார்கள். தோட்டத்து ஆட்களில் பலரை ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை கொண்டுபோயிற்று.

அமெரிக்காவில் ஆட்டோ கியர்பாக்ஸ் அதற்குள் கடைக்கு வந்துவிட்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அறிவித்து 1940 ஓல்ட்ஸ்மொபில் கார்களில் பொருத்திய ஹைட்ராமேட்டிக்தான் பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கிப் பெட்டி. கூடுதல் விலை 57 டாலர். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஏர்ல் தாம்ப்சன், கையால் கியர் மாற்றும்போது பற்கள் உரசாமலிருக்க சிங்க்ரோமெஷ் அமைப்பைக் கண்டுபிடித்தவர். கியர் மாற்றுவதைச் சுலபமாக்கியவரே பிறகு அந்த வேலையையே ஓட்டுநர் கையிலிருந்து எடுத்துவிட்டார்.

அந்தப் பெட்டியின் உறுதியைச் சோதித்தது போர்க்களம். எம்5 ஸ்டுவர்ட் இலகுரக டாங்கியில் இரண்டு கேடிலாக் வி8 இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ராமேட்டிக். பல டன் இரும்பைச் சேற்றிலும் மேட்டிலும் இழுத்துப் பழகிய பெட்டி, போர் முடிந்ததும் குடும்பக் கார்களுக்குத் திரும்பியது. சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தன. பந்தயக்காரர்கள் அங்கே காத்திருந்தார்கள்.

போர் விட்டுப்போன இன்னொரு சொத்து விமான ஓடுதளம். 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமானத் திடலில் கட்டணம் வாங்கி டிராக் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. சங்கத்தை நிறுவி, தெருவில் ஓட்டியவர்களைத் திடலுக்கு இழுத்தார். தமிழ்நாட்டிலும் இதே போக்குதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமானத்தளம் சும்மா கிடந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கும்வரை தென்னிந்தியப் பந்தயக்காரர்களுக்குச் சோழவரம்தான் களம்.

தொடக்கத்தில் டிராக் உலகம் ஆட்டோவை மதிக்கவில்லை. கிளட்ச் மிதிக்கத் தெரியாதவனின் பெட்டி என்ற இளக்காரம் இருந்தது. இளக்காரத்துக்குக் காரணமும் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் பெட்டி, உள்ளே இருப்பவர்களுக்குக் குலுக்கல் தெரியாமல் கியர் மாற்றவேண்டும். அதற்காகக் கிளட்ச் தட்டுகளைச் சற்று வழுக்கவிட்டு மெதுவாகப் பிடிக்க வைப்பார்கள். வழுக்கும் ஒவ்வொரு கணமும் சக்தி சூடாக வீணாகும், தட்டும் கருகும்.

ஹைட்ராமேட்டிக்கை இந்த மெத்தனத்திலிருந்து மீட்டவர்கள் பாப் ஸ்பாரும் மார்ட் ஷூமனும். 1953இல் கலிபோர்னியாவில் அவர்கள் தொடங்கிய பி அண்ட் எம் பட்டறை, பெட்டியின் எண்ணெய் வழிகளை மாற்றி, எப்போது கியர் மாறவேண்டும் என்பதை ஓட்டுநர் கைக்கே கொடுத்தது. 1950களின் பிற்பகுதியில் ‘ஹைட்ரோ ஸ்டிக்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. நான்கு கியர்கள், ஆழமான முதல் கியர், காலடியில் கிளட்ச் கிடையாது. சூப்பர்சார்ஜர் பூட்டிய பழைய வில்லிஸ் கார்கள் இந்தப் பெட்டியோடு வந்து கைக்கியர்காரர்களைத் தோற்கடித்தபோது இளக்காரம் அடங்கியது.

அடுத்த அடியைக் கிரைஸ்லர் கொடுத்தது. 1956இல் வந்த டார்க்ஃபிளைட்டுக்கு மூன்று கியர். கியர்க் கம்பிக்குப் பதில் பொத்தான்கள். நிறுவனத்தின் பொறியாளர்கள் சிலர் வேலைநேரம் போக ராம்சார்ஜர்ஸ் என்ற பந்தயக் குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். 1962, 63ஆம் ஆண்டுகளில் பெரிய வி8 பூட்டிய டாட்ஜ், பிளைமவுத் கார்கள் இந்தப் பொத்தான் பெட்டியோடு ஸ்டாக் கார் வகுப்புகளைக் கலக்கின. கைதேர்ந்த ஓட்டுநர்கூடப் பத்து ஓட்டத்தில் ஒன்றிரண்டில் கியரைத் தவறவிடுவார். ஆட்டோ தவறவிடாது.

ஆனாலும் இன்றுவரை நிலைத்திருக்கும் பெட்டி, எல்லாவற்றிலும் எளிமையானது: செவர்லேயின் பவர்கிளைட். 1950இல் மலிவு விலைக் கார்களுக்கென்று வந்தது. முன்னே செல்ல இரண்டே கியர். 1962இல் வார்ப்பிரும்புக் கூடு போய் அலுமினியக் கூடு வந்தது, எடை இறங்கியது. 1973இல் உற்பத்தி நின்றது.

இரண்டு கியர் எப்படிப் போதும்? விடை இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கிறது. இயந்திரப் பக்கத்து இறக்கைகள் எண்ணெயை வீசியடிக்க, பெட்டிப் பக்கத்து இறக்கைகள் அந்த வேகத்தில் சுழல்கின்றன. நடுவிலுள்ள ஸ்டேட்டர் திரும்பிவரும் எண்ணெயைத் திசைமாற்றி மறுபடி பயன்படச் செய்கிறது. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆக, கன்வெர்ட்டரே கூடுதலாக ஒரு கியர் போல வேலை பார்க்கிறது. பெரிய வி8க்குச் சக்திப் பஞ்சம் இல்லை. அதன் தொல்லை டயர் வழுக்குவது. பவர்கிளைடின் முதல் கியர் விகிதம் 1.76 அல்லது 1.82. அது சக்கரத்தைத் தேவைக்கு மேல் முறுக்காது. கியர் மாறுவது ஒரே தடவை. உள்ளே சுழலும் பாகங்கள் குறைவு என்பதால் பெட்டியே தின்றுவிடும் சக்தியும் குறைவு.

பந்தயத்துக்கு அதைக் கட்டுகிறவர் முதலில் செய்வது கழிக்கும் வேலை. வேகம் பார்த்துத் தானாகக் கியர் மாற்றும் கவர்னர் போகும். இயந்திரத்தின் உறிஞ்சு விசையைப் பார்த்து எண்ணெய் அழுத்தத்தைத் தணிக்கும் மாடுலேட்டர் போகும். கையால் மாற்றும் வால்வ் பாடி உள்ளே வரும். எண்ணெய் அழுத்தம் எப்போதும் உயர்ந்தே நிற்கும். உயர் கியர் டிரம்மில் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த உராய்வுத் தட்டுகள் எட்டு, பத்து என்று கூடும். உள்ளீட்டுத் தண்டு உயர்தர எஃகுக்கு மாறும். சாய்வெட்டுப் பற்கள் சத்தம் குறைப்பவை, ஆனால் பக்கவாட்டில் தள்ளுபவை. அவற்றின் இடத்தில் நேர்வெட்டுப் பற்கள் உட்காரும். வீட்டுக் காரில் அந்த ஊளைச் சத்தத்தைக் கேட்டால் பெட்டி கெட்டுவிட்டது என்று போமனிடம் ஓடுவோம்.

மாட்டும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுகளில்தான் வெற்றி தோல்வி. தட்டுகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கவேண்டும். தண்டின் முன்பின் ஆட்டத்தை வாஷரின் கனத்தை மாற்றிச் சரிசெய்யவேண்டும். மூடுவதற்கு முன் எண்ணெய்த் துவாரத்தில் காற்றழுத்தம் கொடுத்து, கிளட்ச் ‘டொப்’பென்று பிடிக்கிறதா, சீலில் காற்றுக் கசிகிறதா என்று கேட்பார்கள்.

பிறகு கன்வெர்ட்டர். தொழிற்சாலையிலிருந்து வந்தது நிமிடத்துக்கு 2,000 சுழற்சிக்குள்ளேயே வண்டியைத் தள்ளத் தொடங்கிவிடும். பந்தய இயந்திரம் அந்தச் சுழற்சியில் தூங்கும். ஆகவே எட்டு ஒன்பது அங்குல விட்டத்தில் சிறிய கன்வெர்ட்டர் போட்டு, 4,000, 5,000 சுழற்சிவரை இயந்திரத்தை ஏறவிடுகிறார்கள். இவ்வளவு சக்தியைப் பச்சை விளக்கு எரியும்வரை காலால் பிரேக் மிதித்துப் பிடித்து வைக்க முடியாது. அதற்கு டிரான்ஸ் பிரேக். பவர்கிளைடில் முதல் கியருக்கான பேண்டையும் பின்கியர் கிளட்ச்சையும் ஒரே நேரத்தில் பிடிக்க வைத்தால் பெட்டி தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. ஓட்டுநர் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்ததும் பின்கியர் விடுபட, வண்டி பாய்கிறது. பூட்டிய நிலையில் எண்ணெய் வேகமாகச் சூடேறும் என்பதால் சில நொடிக்கு மேல் யாரும் தாமதிப்பதில்லை.

உடைந்தால் இந்தப் பெட்டிகள் வெடிகுண்டு. 1970 மார்ச் 8, கலிபோர்னியாவின் லயன்ஸ் திடல்: டான் கார்லிட்ஸ் ஓட்டிய டிராக்ஸ்டரின் இரண்டு கியர்ப் பெட்டி அவர் கால்களுக்கு நடுவே சிதறி, வலது பாதத்தின் ஒரு பகுதியைத் துண்டித்தது. மருத்துவமனைப் படுக்கையிலேயே அவர் இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் வண்டியைத் திட்டமிட்டார். 1971இல் அது வென்றது, அந்த வகுப்பின் வடிவமே மாறியது. டார்க்ஃபிளைட்டை நியூட்ரலில் உறுமவிட்டுச் சட்டென்று கியரில் போட்டவர்களும் டிரம் வெடித்துப் பாடம் படித்தார்கள். பெட்டியைச் சுற்றிக் கவசம் என்பது பிறகு வேகமான வகுப்புகளில் கட்டாயமானது.

இதே பெட்டிகள் மலேசியச் சாலைகளுக்கும் வந்தன. ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் 1961இல் ஹைட்ராமேட்டிக்கையும் 1965இல் பவர்கிளைடையும் எடுத்துக்கொண்டது. ஹோல்டன் கார்கள் அக்காலத்தில் இங்கே பரவலாக விற்றவை. 1960களின் டொயோட்டாக்களில் வந்த டொயோகிளைடும் இரண்டு கியர் வகைதான். பந்தயக் களத்துக்கும் குறைவில்லை. 1968இல் பத்து தீகாவில் திறந்த தடம் பின்னர் ஷா ஆலம் என்று பெயர்பெற்று, 1985இல் உலக ஸ்போர்ட்ஸ் கார் போட்டியையும் 1991 முதல் 1997வரை மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயையும் நடத்தியது. 1999இல் செப்பாங் வந்தது. அங்கே டிராக் ஓட்டத்தைப் பையன்கள் ‘402’ என்பார்கள், கால் மைலின் மீட்டர் கணக்கு.

இருந்தும் பவர்கிளைட் கட்டும் கலை சிலாங்கூரில் வேர்விடவில்லை. இங்கே சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுகிறது. ஐந்து லிட்டர் வி8 வைத்திருப்பது வசதியானவர்களின் ஆடம்பரம். அமெரிக்கப் பையனுக்குப் பழைய இரும்புக் கடையில் வி8உம் ஆட்டோ பெட்டியும் சல்லிசாகக் கிடைத்தன. சிலாங்கூர்ப் பையனுக்குக் கிடைத்தது ஹாஃப் கட்: ஜப்பானில் கழித்த காரைப் பாதியாக அறுத்து, இயந்திரமும் கியர்பாக்ஸும் ஒயரும் சேர்த்துக் கப்பலில் அனுப்பும் முன்பாதி. சிறிய இயந்திரம், டர்போ, ஐந்து கியர். புரோட்டானிலும் ஹோண்டாவிலும் அப்படியே உட்கார்ந்துவிடும். இங்குள்ள போமன்மார் கற்றுத் தேர்ந்தது அந்த மாற்று வேலையை. அமெரிக்காவிலோ செவர்லே கைவிட்டு ஐம்பது ஆண்டு கடந்தும் பவர்கிளைட் புதிதாக வார்க்கப்படுகிறது. கூடு, தண்டு, பல், பம்ப் எல்லாம் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் பாகம் ஒன்றுகூட இல்லாத பவர்கிளைடை இன்று முழுதாக விலைகொடுத்து வாங்கலாம்.