வில்வண்டி, ஹெரால்டு, அம்பாசிடர்

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய அப்பா டாக்ஸியாக ஓட்டிய டீசல் அம்பாசிடர் இப்போது அவரிடம் இருக்கிறது. 1996 மாடல், மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பின்பக்கம் உட்கார்ந்துபோய், நாலு பேர் ஏறினால் வேகத்தடையில் அடி தட்டுகிறதாம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, ‘எல்லாத்தையும் மாத்தணும்’ என்று ஒரு தொகையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காரை விற்றால் கிடைப்பதில் பாதிக்கு மேல் அது. “சார், எடைக்குப் போட்டுடலாமா?” என்று கேட்டார்.

“போடாதப்பா, முதல்ல ஸ்பிரிங் பட்டறைக்குப் போ” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் வசதியானவர்கள் வைத்திருந்த மாட்டுவண்டிக்கு வில்வண்டி என்று பெயர். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை வில்போல வளைத்து அடுக்கியிருப்பார்கள். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804-ல் இந்த வில் பட்டைகளின் மேல் குதிரை வண்டியை உட்கார வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு கார் வந்தது, லாரி வந்தது, பட்டை போகவில்லை. அம்பாசிடரின் பின் அச்சு உட்கார்ந்திருப்பதும் அதே வில்வண்டிப் பட்டையின் மேல்தான்.

இதில் பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக்கொடுத்த விஷயம் ஒன்று இருக்கிறது. பட்டை உட்கார்ந்துவிட்டது என்றால் அதன் பலம் போய்விட்டது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இத்தனை கிலோ ஏற்றினால் இத்தனை அங்குலம் இறங்கும் என்ற கணக்கு, விரிசலோ பெரிய துருவோ இல்லாத பழைய பட்டையிலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இழந்தது வளைவைத்தான். போன வளைவைத் திரும்பக் கொடுத்துவிடலாம். பட்டைகளைக் கழற்றி, பழுக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமான சூட்டில் பதம் பார்த்து எடுக்க வேண்டும். பதம் தெரியாமல் பச்சையாகச் சுத்தியலால் அடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. அது சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். இன்னும் சிலர் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சொருகிவிடுவார்கள். உயரம் கிடைக்கும், ஆனால் ஆள் இல்லாமல் ஓட்டினால் கட்டை வண்டிதான்.

இனி காரின் கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 தான் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் ஆயிற்று. 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை அங்கே தயாரானது. அதன் முன்பக்கத்தில் சுருள்வில் கிடையாது. நீளமான முறுக்குக் கம்பி, அதாவது டார்ஷன் பார். சக்கரம் மேலே ஏறும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும், இறங்கும்போது அவிழும். 1948-ல் வந்த மோரிஸ் மைனரில் அலெக் இசிகோனிஸ் இதே முறையை வைத்தார். பின்னால் மினி காரை வடிவமைத்தவர் அவர்தான். இந்தக் கம்பியின் நுனியில் பல் வெட்டியிருக்கும். முன்பக்கம் இறங்கினால் பல்லை நகர்த்தி மாட்டி உயரத்தைச் சரிசெய்யலாம், புதுக் கம்பி வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதன் மேல் உளி பட்டு ஒரு கீறல் விழுந்தாலும் ஆபத்து, முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு பக்கத்துக் கம்பியை மறுபக்கம் போடவும் கூடாது.

அதே காலத்தில் நம் சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்தது. 948 சிசி என்ஜின், இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். பார்க்க அம்பாசிடரைவிட எத்தனையோ அழகு. பின் சக்கரங்கள் தனித்தனியாக அசையும். குறுக்கே ஒரே ஒரு பட்டைக் கட்டு. தாளில் பார்த்தால் அம்பாசிடரின் முரட்டு அச்சைவிட முன்னேறிய ஏற்பாடு. ஆனால் இந்தக் குறுக்குப் பட்டை உட்கார்ந்தால் உயரம் குறைவதோடு நிற்காது. இரண்டு சக்கரங்களின் தலையும் உள்பக்கம் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு தேயத் தொடங்கும். முன்பக்கம் இன்னொரு சிக்கல். சக்கரம் திரும்பும் அடிமுட்டில் கியர் ஆயில் விட வேண்டும் என்பது தயாரித்தவர்களின் கட்டளை. கிரீஸ் அடித்தால் அது உள்ளே போக வேண்டிய இடத்துக்குப் போகாது. உலோகம் தேய்ந்து ஒருநாள் சக்கரமே மடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் கிரீஸ் கன்னைத் தூக்கிப் பழகிய கைக்கு இது எப்படித் தெரியும்?

இங்கத்து உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் அந்தப் பின் அச்சை நம்பவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அதே காரை ‘கேஸல்’ என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தபோது, கம்பெனியே தனித்து அசையும் ஏற்பாட்டைக் கைவிட்டுச் சாதாரண முழு அச்சுக்குத் திரும்பியது. இதைப் பின்னேற்றம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கையில் இருக்கும் காரை உள்ளூர்ப் பட்டறை நிமிர்த்த முடியுமா என்பதுதான் வாங்குபவரின் முதல் கேள்வி.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. அதன் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். 1950-ல் இங்கிலாந்தின் ஃபோர்டு கார்களில் வந்த ஏற்பாடு. சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணில் இருக்கும். மலிவு, எடை குறைவு, ஓட்டவும் சுகம். ஆனால் தேய்ந்தால் நிமிர்த்துவது இல்லை, கழற்றிப் போட்டுப் புதிதுதான். அதில் பழகிய ஒர்க்‌ஷாப் அம்பாசிடரைப் பார்த்தாலும் ‘எல்லாத்தையும் மாத்தணும்’ என்று சொல்வதில் வியப்பில்லை. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன்.

மாணவருடன் நானும் பட்டறைக்குப் போனேன். டார்ச் அடித்துப் பார்த்ததில், பட்டையின் இரண்டு முனையிலும் ரப்பர் புஷ்கள் மாவாகியிருந்தன. ஷேக்கிள் ஆடியது. கட்டைப் பிரித்தபோது இடதுபக்கம் மூன்றாம் பட்டை நடு போல்ட் ஓட்டையில் முறிந்திருந்தது. பெரும்பாலும் அங்கேதான் முறியும். முறிந்ததற்கு அதே கனத்தில் ஒரு பட்டை போட்டார்கள். மற்றதையெல்லாம் காய்ச்சி வளைத்து, துருவைத் தேய்த்து, நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவி, யூ போல்ட்டுகளைப் புதிதாக்கி மாட்டினார்கள். புஷ்கள் எல்லாம் புதிது. ஒரு பக்கம் மட்டும் செய்தால் கார் சாய்ந்து நிற்கும் என்பதால் வலதுபக்கத்தையும் விடவில்லை.

ஷாக் அப்சார்பர் நான்கில் பின்பக்கம் இரண்டும் எண்ணெய் கக்கியிருந்தன. அவற்றை மட்டும் மாற்றச் சொன்னேன். முன்பக்கத்தை மட்கார்டில் கையூன்றி அழுத்திவிட்டுப் பார்த்தோம். ஒருமுறை எழும்பி அடங்கிவிட்டது, அதனால் தொடவில்லை. ஒர்க்‌ஷாப் எழுதிக் கொடுத்த தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

முன்பக்கத்து முறுக்குக் கம்பிக்கு இன்னும் ஒரு பல் நகர்த்த வேண்டும். அதற்குத் தெரிந்த கை இப்போது எங்கள் ஊரில் ஒரே ஒரு பெரியவர்தான். கண் ஆபரேஷன் முடிந்து, தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாணவரையும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.