மிகுதிச் சரக்கும் கடல் கடந்த ஆட்சியும்: அமெரிக்க விரிவின் பொருளியற் காரணங்கள்

வரலாறு என்றவுடன் போர்களும் அரசர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. எந்த ஆண்டில் எந்த நாடு எந்த நாட்டை வென்றது என்பதை மனப்பாடம் செய்து தேர்வும் எழுதிவிடுகிறோம். ஏன் வென்றது, அவ்வெற்றியால் யாருடைய களஞ்சியம் நிறைந்தது, யாருடைய முதுகு வளைந்தது என்னும் வினாக்களைப் பாடநூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கல்வி பெறும் நம் இளைஞர்கள் இவ்வினாக்களை எழுப்பப் பழகுதல் வேண்டும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்கா தன் கரைகளைக் கடந்து அயல் நிலங்களைக் கைக்கொண்ட வரலாற்றை இங்கு ஆராய்வோம்.

அமெரிக்கா 1776-இல் பிரிட்டனின் ஆட்சியை உதறி எழுந்த நாடு. மனிதர் யாவரும் சமம் என்று தன் விடுதலைப் பிரகடனத்திலேயே எழுதி வைத்த நாடு. அத்தகைய நாடு 1898-இல் கியூபா, போர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ், ஹவாய் ஆகிய தீவுகளின் மீது தன் கொடியை நாட்டியது. அடிமைப்பட்டிருந்த நாடு ஆளும் நாடாக மாறியது எங்ஙனம்? விடை அந்நாட்டின் தொழிற்சாலைகளிலும் பருத்திக் காடுகளிலும் இருக்கிறது.

தொழில் வளர்ச்சி

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்காவில் தொழில் வளர்ச்சி காட்டுத்தீயென விரைந்தது. 1860-இல் ஏறத்தாழ 30,000 மைல் நீளமே இருந்த இருப்புப்பாதை, 1900-இல் 1,90,000 மைலைக் கடந்தது. 1880-இல் பன்னிரண்டரை இலட்சம் டன் அளவில் இருந்த எஃகு உற்பத்தி, இருபதே ஆண்டுகளில் ஒரு கோடி டன்னைத் தாண்டியது. உலகின் தொழிற்கூடம் எனப் பெயர் பெற்றிருந்த பிரிட்டனையும் அமெரிக்கா எஃகில் விஞ்சி நின்றது. 1870-இல் சுமார் 40 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1900-இல் சுமார் 140 கோடி டாலராக உயர்ந்தது.

இவ்வளர்ச்சியின் அடையாளங்கள் நம் நாட்டையும் எட்டின. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் மண்ணெண்ணெய் தகர டப்பாக்களில் அடைக்கப்பட்டு இந்தியத் துறைமுகங்களில் வந்து இறங்கிற்று. சிங்கர் தையல் இயந்திரம் நம் கடைத்தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது. உள்நாட்டில் விற்றது போக எஞ்சிய பொருளுக்கு உலகெங்கும் வாங்குவோரைத் தேடுவது அந்நாட்டு முதலாளிகளின் அன்றாட அலுவலாயிற்று.

மிகுதி எங்கிருந்து வந்தது?

உற்பத்தி பெருகப் பெருக நெருக்கடிகளும் பெருகின. 1873-இல் ஒரு பெரும் வீழ்ச்சி. 1893-இல் அதனினும் கொடிய வீழ்ச்சி. 1893-இல் மட்டும் ஏறத்தாழ 500 வங்கிகளும் 15,000-க்கும் மேற்பட்ட வணிக நிறுவனங்களும் மூழ்கின. இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். 1894-இல் ஜேக்கப் காக்ஸி என்பவரின் தலைமையில் வேலையற்றோர் கூட்டம் ஒன்று ஒஹாயோ மாநிலத்திலிருந்து தலைநகர் வாஷிங்டனுக்கு நடந்தே சென்றது. சாலை போடும் வேலையையேனும் அரசு தரவேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. அரசு மாளிகையின் புல்தரையை மிதித்த குற்றத்திற்காகக் காக்ஸி கைது செய்யப்பட்டார்! அதே ஆண்டில் புல்மன் இரயில் பெட்டித் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அடக்கப் படை அனுப்பப்பட்டது.

இந்நெருக்கடிக்குக் காரணம் என்ன? ஆளும் வட்டாரத்தினர் கூறிய விடை எளியது: நாட்டு மக்களின் தேவைக்கு மேல் நாம் உற்பத்தி செய்கிறோம், எனவே அயல்நாட்டுச் சந்தைகள் நமக்கு வேண்டும். இண்டியானாவைச் சேர்ந்த ஆல்பர்ட் பெவரிட்ஜ் 1898-இல் ஆற்றிய உரையொன்றில் இதனையே வெளிப்படையாக முழங்கினார். அதற்கு முன்னரே, 1890-இல், கடற்படை அதிகாரி ஆல்பிரட் மகான் கடலாதிக்கம் பற்றித் தாம் எழுதிய நூலில், வணிகம் செழிக்க வலிய கடற்படை வேண்டும் என்றும், அப்படைக்குத் தொலைதூரங்களில் தங்குதுறைகள் வேண்டும் என்றும் வாதிட்டிருந்தார். நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரி ஏற்ற இடையிடையே தீவுகள் வேண்டும். குடியேறுவதற்குரிய எல்லைப்புற நிலம் முடிந்துவிட்டது என்று 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிவித்ததும் இவ்வாதத்திற்கு வலுவூட்டியது. அந்நிலம் முழுவதும் செவ்விந்தியப் பழங்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால் தேவைக்கு மேல் உற்பத்தி என்பது உண்மைதானா? கார்னகியின் எஃகு ஆலைகளில் தொழிலாளர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தனர். 1892-இல் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்தவர்கள் துப்பாக்கிகளை எதிர்கொண்டனர். தென் மாநிலங்களில் 1865-இல் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் நிலமின்றி, வாரக் குடிகளாகப் பருத்தி விளைவித்தனர். விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்கும், எஞ்சியதிற் பெரும்பகுதி அவர் காட்டிய கடைக் கடனுக்கும் போயிற்று. துணி மிகுந்து கிடந்தது. பருத்தி எடுத்தவர் உடுத்தியதோ கந்தல். மிகுந்து நின்றது மக்களின் தேவைக்கு மேற்பட்ட பொருள் அன்று. அவர்களின் வாங்கும் ஆற்றலுக்கு மேற்பட்ட பொருளே.

ஆங்கிலப் பொருளியலறிஞர் ஜே. ஏ. ஹாப்சன் 1902-இல் வெளியிட்ட ஏகாதிபத்தியம் பற்றிய தம் நூலில் இதனைத் தெளிவாக விளக்கினார். செல்வம் சிலர் கையில் குவிவதாலேயே சரக்கும் மூலதனமும் தேங்குகின்றன; உழைப்போருக்கு உரிய பங்கு கிடைக்குமாயின் உள்நாட்டுச் சந்தையே போதுமானதாகும் என்பது அவர் முடிவு. அமெரிக்கா தேர்ந்தெடுத்த வழியோ வேறு.

ஹவாய்: சர்க்கரையின் கதை

1875-இல் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையின்படி ஹவாய்ச் சர்க்கரை அமெரிக்காவுக்குள் சுங்கமின்றி நுழைந்தது. பதினைந்து ஆண்டுகளில் அத்தீவுகளின் சர்க்கரை ஏற்றுமதி ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. தோட்டங்கள் பெரும்பாலும் வெள்ளையர் கையில் இருந்தன. வேலை செய்தவர்கள் சீனர், ஜப்பானியர், போர்த்துகீசியர் ஆகிய ஒப்பந்தக் கூலிகள். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கினால் சிறை. தோட்டக் கணக்கில் அவர்கள் பெயரால் அன்றி, கழுத்தில் தொங்கிய உலோக வில்லையின் எண்ணால் அறியப்பட்டனர்.

1890-இல் அமெரிக்கா எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் சுங்கத்தை நீக்கி, உள்நாட்டில் சர்க்கரை விளைவிப்போருக்கு மட்டும் பவுண்டுக்கு இரண்டு சென்டு உதவித்தொகை அளித்தது. ஹவாய்த் தோட்டக்காரரின் சலுகை ஒரே நாளில் மறைந்தது. 1893 சனவரியில் வெள்ளை வணிகரும் வழக்கறிஞரும் தோட்ட உரிமையாளரும் அடங்கிய குழு ஒன்று, அமெரிக்கத் தூதரின் ஆதரவுடனும் அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய 150-க்கும் மேற்பட்ட படைவீரரின் நிழலிலும், அரசி லிலியுகலானியை அரியணையிலிருந்து இறக்கியது. இணைப்பை எதிர்த்து 1897-இல் ஹவாய் மண்ணின் மைந்தர் 21,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு விண்ணப்பம் அனுப்பினர். அவர்கள் மொத்தத் தொகையே அன்று 40,000 அளவுதான். மறு ஆண்டு போர்க் காலத்தில் அந்த விண்ணப்பம் புறக்கணிக்கப்பட்டு, நாடு இணைக்கப்பட்டது. நூறாண்டு கழித்து, 1993-இல், அமெரிக்க நாடாளுமன்றம் இதற்காக மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. நிலம் மட்டும் திரும்பவில்லை.

1898-ஆம் ஆண்டுப் போர்

கியூபாவின் சர்க்கரைத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் அமெரிக்கர் ஏறத்தாழ 5 கோடி டாலர் முதலிட்டிருந்தனர். 1894-இல் அமெரிக்கா சர்க்கரைக்கு மீண்டும் சுங்கம் விதித்ததும் கியூபாவின் வாழ்வு சீர்குலைந்தது. மறு ஆண்டு அங்கே ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. 1898 பிப்ரவரி 15-இல் ஹவானா துறைமுகத்தில் மெய்ன் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்க, ஏப்ரலில் போர் மூண்டது.

வணிகர் அனைவரும் தொடக்கத்திலிருந்தே போரை விரும்பினர் என்று கூறுதல் சரியன்று. மந்தநிலை நீங்கி வாணிகம் தலைதூக்கிய வேளையில் போர் கேடு செய்யும் என்று பலர் அஞ்சினர். மனிதாபிமானம் பேசியோரும், போர்ச் செய்தியால் விற்பனை பெருக்கிய செய்தித்தாள்களும், வெள்ளை இனமே ஆளப் பிறந்தது என்று நம்பியோரும் இப்போரில் பங்கு கொண்டனர். ஆயினும் போர் முடிந்தபின் எவை கைக்கொள்ளப்பட்டன என்பதைக் காணும்போது பொருளியற் காரணம் தெளிவாகிறது. 1898 டிசம்பரில் செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கையின்படி போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவுக்குச் சேர்ந்தன. பிலிப்பைன்ஸுக்கு ஸ்பெயின் 2 கோடி டாலர் பெற்றுக்கொண்டது. அத்தீவுகளில் வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. கியூபா பெயரளவில் விடுதலை பெற்றது. 1901-இன் பிளாட் திருத்தம் அதன் உள்விவகாரங்களில் தலையிடும் உரிமையை அமெரிக்காவுக்கு அளித்தது.

பிலிப்பைன்ஸ் சீனச் சந்தையின் வாயிற்படி எனக் கருதப்பட்டது. 1899-இல் அமைச்சர் ஜான் ஹே, சீனாவில் எல்லா நாட்டு வணிகருக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்னும் 'திறந்த கதவு'க் கொள்கையை அறிவித்தார். தென் மாநில ஆலைகள் பல தம் முரட்டுத் துணிக்குச் சீனாவையே நம்பியிருந்தன. நாற்பது கோடி மக்கள் வாங்குவர் என்பது கனவு. 1900-இல் அமெரிக்காவின் மொத்த ஏற்றுமதியில் சீனாவுக்குச் சென்றது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. அக்கனவுக்காக 1899 முதல் 1902 வரை பிலிப்பைன்ஸ் விடுதலைப் படையுடன் நடந்த போரில் 4,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரரும், வாளாலும் பசியாலும் நோயாலும் இலட்சக்கணக்கான பிலிப்பைன்ஸ் மக்களும் மாண்டனர்.

வெளியே ஆட்சி, உள்ளே தீண்டாமை

கியூபாவின் சான் ஹுவான் குன்றுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவுகள் வீரத்துடன் போரிட்டன. அதே 1898-ஆம் ஆண்டு நவம்பரில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம், கறுப்பின மக்களும் பங்கு பெற்றிருந்த நகராட்சியை வன்முறையால் கவிழ்த்தது. கறுப்பினத்தவர் பலரைக் கொன்றது. அவர்கள் நடத்திய செய்தித்தாளின் அலுவலகத்தை எரித்தது. பிலிப்பைன்ஸுக்கு அனுப்பப்பட்ட கறுப்பின வீரர் சிலரின் உள்ளத்தில், யாருக்காக யாரைச் சுடுகிறோம் என்னும் ஐயம் எழுந்தது. டேவிட் பேகன் என்னும் வீரர் 1899-இல் அமெரிக்கப் படையை விட்டு விலகிப் பிலிப்பைன்ஸ் விடுதலைப் படையில் சேர்ந்து போரிட்டார்.

நீதிமன்றமும் இதே பாதையில் நடந்தது. இரயிலில் கறுப்பினத்தவரைத் தனிப் பெட்டியில் அமர்த்துவது சட்டப்படி செல்லும் என்று 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹென்றி பிரவுன். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க் வந்த ஆரஞ்சுப் பழங்களுக்குச் சுங்கம் உண்டா என்பது பற்றி 1901-இல் எழுந்த வழக்கில், புதிதாகச் சேர்ந்த தீவுகள் அமெரிக்காவுக்கு உரியவை எனினும் அரசியலமைப்பு அங்கே முழுமையாகச் செல்லாது என்னும் தீர்ப்பை வழங்கியவரும் அவரே. இரண்டிலும் மாறுபட்டு நின்றவர் நீதிபதி ஹார்லன். உள்ளே ஒரு மக்களைத் தனிப் பெட்டியில் அடைத்த அதே எழுதுகோல், வெளியே வேறு மக்களைச் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திற்று.

1904 முதல் 1914 வரை அமெரிக்கா வெட்டிய பனாமாக் கால்வாயிலும் இதே கதைதான். பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பினக் கூலிகளே அங்கு பெரும்பான்மையோர். வெள்ளையருக்குப் பொன் நாணயத்தில் ஊதியம். இவர்களுக்கு வெள்ளி நாணயத்தில். 'பொன்', 'வெள்ளி' எனத் தனித்தனிக் குடியிருப்பு, தனித்தனி உணவிடம், தனித்தனிக் குடிநீர்க் குழாய். இதன் பொருள் என்னவென்று நம் இளைஞர்களுக்கு விளக்கிக் கூறத் தேவையில்லை. அப்பணியில் மாண்டவர்களாக அரசுக் கணக்கில் பதிந்தோர் 5,609 பேர். அவர்களுள் ஏறத்தாழ 4,500 பேர் இக்கூலிகளே.

முடிவுரை

பின்னர்க் காலம் மாறிற்று. பிளாட் திருத்தம் 1934-இல் நீங்கியது. பிலிப்பைன்ஸ் 1946-இல் விடுதலை பெற்றது. பனாமாக் கால்வாய் 1999-ஆம் ஆண்டின் இறுதி நாளில் அந்நாட்டிடமே ஒப்படைக்கப்பட்டது. உரிமைக்குப் போராடிய மக்களின் விடாமுயற்சியே இம்மாற்றங்களுக்கு அடிப்படை.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? ஒரு நாட்டில் பொருள் மிகுந்துவிட்டது என்று கூறப்படும்போது, அது யாருடைய வீட்டில் இல்லை என்று முதலில் கேட்க வேண்டும். உழைத்தவனுக்கு உரிய பங்கை மறுத்த நாடு, அந்தப் பங்கைக் கப்பலேற்றி விற்கப் பிறர் நாட்டைத் தேடிச் சென்றது. உள்ளே நிகழ்ந்த அநீதியும் வெளியே நிகழ்ந்த ஆக்கிரமிப்பும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

அக்கணக்கைப் படிக்கத் தெரிந்தவனை ஏமாற்றுதல் எளிதன்று. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஊட்டி வரும் கல்வி, தேர்வு எழுதவும் வேலை தேடவும் மட்டும் பயன்படுவதாயின் அது அரைக் கல்வியே. ஏட்டில் எழுதப்பட்ட வெற்றிகளுக்குப் பின்னால் எழுதப்படாமல் விடப்பட்ட பெயர்களைத் தேடும் கல்வியே முழுக் கல்வி. கழுத்தில் எண் வில்லை தொங்க நின்ற அத்தொழிலாளிக்கும் ஒரு பெயர் இருந்தது. அப்பெயரைத் தேடும் கண்ணோடு வரலாற்றைப் படிக்க நம் இளைஞர்கள் முன்வருவார்களாக!