சளியில் உள்ள புரதங்கள் எங்கிருந்து வருகின்றன?

சளி என்றாலே நோயின் அறிகுறி என்று பலரும் கருதுகின்றனர். ஆனால், நலமாக இருப்பவரின் சுவாசப் பாதையிலும் மெல்லிய சளிப்படலம் எப்போதும் பரவியிருக்கிறது. மூச்சுடன் நுழையும் தூசியையும் கிருமிகளையும் அது பிடித்துவைக்கிறது. நுண்ணிய மயிரிழைகள் அதைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. நாம் அறியாமலேயே அதை விழுங்கிவிடுகிறோம்.

ஆரோக்கியமான சளியில் ஏறத்தாழ 97 சதவீதம் நீர். எஞ்சிய பகுதியில் உப்புகள், கொழுப்புகளுடன் நூற்றுக்கணக்கான புரதங்கள் உள்ளன. இவை அனைத்தும் ஓரிடத்தில் உருவாவதில்லை.

சுவாசக் குழாயின் உட்பரப்பு: சளிக்குப் பிசுபிசுப்பைத் தருபவை மியூசின் என்னும் பெரும் புரதங்கள். இவற்றுள் எம்யூசி5ஏசி, பெரும்பாலும் உட்பரப்பில் உள்ள கிண்ண வடிவச் செல்களில் உருவாகிறது. எம்யூசி5பி, அடியிலுள்ள சுரப்பிகளிலிருந்தும் உட்பரப்புச் செல்களிலிருந்தும் வருகிறது. எம்யூசி5பி இல்லாத எலிகளின் சுவாசப் பாதையில் துப்புரவுப் பணி சீர்குலைந்து தொற்று ஏற்பட்டதாக 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது.

சுரப்பிகள்: பாக்டீரியாக்களின் செல்சுவரைச் சிதைக்கும் லைசோசைம், அவற்றுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் தடுக்கும் லாக்டோஃபெரின் ஆகியவை பெரிதும் இங்கிருந்தே வருகின்றன. லைசோசைமை மூக்குச் சளியில் கண்டறிந்து 1922-ல் அறிவித்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங்.

ரத்தமும் நோய் எதிர்ப்புச் செல்களும்: கல்லீரலில் உருவாகும் அல்புமின், ரத்தத்திலிருந்து கசிந்து சளியை அடைகிறது. இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் எதிர்ப்புரதத்தைச் சுவாசக் குழாயின் சுவரிலுள்ள பிளாஸ்மா செல்கள் உருவாக்குகின்றன. உட்பரப்புச் செல்கள் அதைச் சுமந்து சளியில் சேர்க்கின்றன.

பிறப்பிடத்தை அறிவது ஏன் முக்கியம்?

ஆஸ்துமாவில் எம்யூசி5ஏசி அதிகரிக்கிறது. அழற்சியின்போது ரத்தப் புரதங்களின் கசிவும், வெள்ளை அணுக்கள் வெளியிடும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகளும் கூடுகின்றன. எனவே, எந்தப் புரதம் மிகுந்துள்ளது என்பது, பாதிப்பு சுரப்பியிலா, ரத்தக் குழாயிலா, உட்பரப்பிலா என்பதை உணர்த்தும் தடயமாகிறது.

இதற்கு ஆரோக்கியமான சளியின் இயல்பு முதலில் தெரிய வேண்டும். இருமி எடுக்கும் சளியில் உமிழ்நீர் கலந்துவிடும். அதனால், நுரையீரல் பாதிப்பு இல்லாதவர்களுக்கு அறுவை சிகிச்சையின்போது பொருத்தப்படும் சுவாசக் குழாயில் படியும் சளியை ஆய்வாளர்கள் பயன்படுத்துகின்றனர்.